துஆ ஸ்டிக்கருக்குப் பின்னால் எரிந்த விளக்கு

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், என் பழைய காரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. மெஷினைப் பொருத்திப் பார்த்த மெக்கானிக் நானா, “டீச்சர், ஒரு பிளக் வேலை செய்யுதில்ல. மெஷின்ல காட்டுற எரர் கோட அழிச்சா லைட் மட்டுந்தான் நூரும், பழுது அப்படியே கிடக்கும். எரியாத பெற்றோல் சைலன்சர் குழாய்க்குள்ள போய் எரியும்” என்றார்.

“புகைப் பரிசோதனைக்கு இன்னும் நாள் கிடக்கு. இப்ப அழிச்சு விடுங்க” என்றேன்.

மூன்றாம் நாள் விளக்கு மறுபடியும் வந்து மினுங்கியது. எரிச்சலில், பயணத்துக்கான பிரார்த்தனையான துஆ அச்சிட்ட ஸ்டிக்கர் ஒன்றை அதன் மேலேயே ஒட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை சவளக்கடையில் எங்கள் வயலைப் பார்க்கப் போனேன். வழியெல்லாம் கூழ்முட்டை நாற்றம். காலடித் தகடு சுட்டது. பரப்பியிருந்த வைக்கோலின் மேல் காரை நிறுத்தினேன். பின் சீட்டில் மூன்று வயது மகள் நித்திரை. வரம்புவரை நடந்திருப்பேன்.

“டீச்சர், காருக்குக் கீழ நெருப்பு! புள்ளயத் தூக்குங்க!”

நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் கத்தினார். மகளை இழுத்தெடுத்தபோது சீட்டுக்கடியில் புகை. வயலில் நின்றவர்கள் காரைத் தள்ளி, வாய்க்கால் தண்ணீரை ஊற்றி அணைத்தார்கள்.

பிறகு சாவியைத் திருப்பி ஸ்டிக்கரை உரித்தேன். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

பிளக்கை மாற்றிவிட்டேன். இப்போது காரைக் கிளப்பும்போது முதலில் அந்த விளக்கைப் பார்க்கிறேன். அது நூர்ந்த பிறகுதான் துஆ ஓதுகிறேன், வாயால்.