கவிழ்த்து வைத்த போன்

அவர் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் லைன் சூப்பர்வைசர். என் செல்போன் கடைக்கு வந்தவர், ரீசார்ஜுக்கு நின்ற பெண்கள் போகும்வரை ஒதுங்கியே நின்றார். எதைத் தொட்டாலும், தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் வருடினார்.

பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சார், ஒரு மாதிரியான படம் பாக்கப் போனேன். அரசாங்க உத்தரவுப்படி தடைன்னு வந்துச்சு. வூட்டுக்குப் போலீஸ் வருமா?"

"எல்லாருக்கும் அப்படித்தாங்க வரும். உங்கள யாரும் பாக்கல."

அவர் நம்பவில்லை. "எங்க லைன்ல ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா, ஷூவுக்குள்ள இருக்கிற நம்பரப் பாத்து, தைச்சவங்கள எல்லார் எதிர்லயும் கூப்டுவோம். நானே கூப்டுவேன் சார். கவர்மெண்ட்டுக்காரங்க மட்டும் சும்மா வுட்டுடுவாங்களா?"

"இது இங்கயே இருக்கட்டும்" என்று போனை விட்டுப் போனவர், திரும்ப வரவே இல்லை.

அது என் டிராயரில் கவிழ்ந்தே கிடக்கிறது. யாரும் பார்க்கவில்லை என்று அடித்துச் சொன்னவன் நான்தான். ஆனாலும் அதை ஆன் செய்ய எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.