இரண்டு கதவா, நான்கு கதவா?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தனம் போன் பண்ணினான்.

"டேய், காரை மாத்தப் போறோம்டா. நாலு கதவு உள்ளதா வேணுமாம். கிருபாதான் சொல்றான். நீயும் வர்றியா?"

கிருபாவா? கட்டிலை விட்டு எழமாட்டேன் என்று மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த கிருபாவா?

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சந்தனம் யார் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு பதுளை டவுனுக்கு வந்து சேர்ந்தேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தான். ஹாலி-எலவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெக்டரி லொறி ஓட்டி ஓய்வு பெற்றவன். மனைவி லெட்சுமி கொழுந்து பறித்தவர். என்னை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். ஒரே மகன் கிருபா.

கிருபாவும் லொறிதான் ஓட்டினான். வெலிமடையில் லீக்ஸும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவான். ஒரு மழை நாளில் வளைவில் லொறி சரிந்து பள்ளத்துக்குள் போனது. உயிர் தப்பினான். ஆனால் இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கல்யாணம் பேசிக்கொண்டிருந்த பையன்... அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

பதுளை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்காகப் போய்வர வேண்டும். தோட்டத்து ரோட்டில் த்ரீவீலில் அவனை உட்காரவைத்துக் கொண்டுபோவது லேசான காரியமா? ஒவ்வொரு குழியிலும் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவான். கையில் இருந்ததையெல்லாம் திரட்டி, பழையதாக ஒரு கார் வாங்குவது என்று முடிவெடுத்தார்கள். பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

டவுனில் பழைய கார் விற்கும் இடத்தில், எங்களுக்குக் கட்டுப்படியாகும் கார்கள் இரண்டே இரண்டுதான் நின்றன. ஒன்றுக்கு இரண்டு கதவு. மற்றதற்கு நான்கு.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். குடும்பக் கார் என்றால் நான்கு கதவுதானே?

ஆனால் இரண்டு கதவுக் காருக்குக் கதவு நீளம். அகலமாகத் திறக்கும். வீல்செயாரைச் சீட்டோடு ஒட்டி நிறுத்தி, கிருபாவை அப்படியே உள்ளே நகர்த்திவிடலாம். சிக்கல் என்னவென்றால், அந்தக் காரில் டிரைவர் சீட் முன்னால் மடியாது. பின்னால் ஏற வேண்டுமானால் இடதுபக்கச் சீட்டை மடக்கித்தான் ஏற வேண்டும். அந்தச் சீட்டில்தான் கிருபா உட்காருவான். அப்படியென்றால் முதலில் லெட்சுமி குனிந்து வளைந்து பின்னால் போய்விட வேண்டும். அப்புறம் கிருபா. இறங்கும்போது முதலில் கிருபா இறங்க வேண்டும். அவன் இறங்காமல் லெட்சுமி இறங்க முடியாது.

மலை ஏறி இறங்கித் தேய்ந்த முழங்கால்கள் லெட்சுமிக்கு.

"நாலு கதவுதான் எனக்கு வசதி," என்றான் கிருபா. அப்பா தூக்கிவிட, நான்கு கதவுக் காரின் சின்னக் கதவுக்குள் மடங்கி ஏறி உட்கார்ந்து சிரித்தான். "பாத்தீங்களா மாமா? ஒரு கஷ்டமும் இல்ல."

லெட்சுமி மட்டும் கீழே பார்த்தார். கிருபாவின் கணுக்கால் கதவின் ஓரத்தில் உரசித் தோல் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

லெட்சுமி சேலைத் தலைப்பால் துடைத்தார். நேராகப் போய் இரண்டு கதவுக் காரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"இதத்தான் எடுக்கணும்."

"அம்மாவுக்கு முட்டி வலிக்குது மாமா. பொய் சொல்றாங்க."

"வலியெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. ராணி மாதிரி இருக்கு. நீங்க அவன்கிட்ட சொல்லுங்க."

ஒருவருக்காக மற்றவர் பொய் சொல்லிக்கொண்டு நின்றார்கள். இதில் தாய் ஜெயித்தார் என்பதைச் சொல்லவா வேண்டும்?

அந்தக் காரில் லெட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சில தடவை போயிருக்கிறேன். வளைவு வரும்போதெல்லாம் லெட்சுமி பின்னாலிருந்து கையை நீட்டி, மகனின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்வார் — அவன் சாயாமல் இருக்க. வழியில் சந்தனம் டீக்கடையில் நிறுத்தினால், "நீங்க குடிச்சிட்டு வாங்க, நாங்க இங்கயே இருக்கோம்" என்பார். பின்னால் இருக்கும் நாங்கள் இறங்குவதென்றால் கிருபாவை இறக்க வேண்டுமே! ஒருமுறை எல்ல ஊர்ப் பக்கம் போனோம். வெள்ளைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லெட்சுமி பின் சீட்டிலிருந்தபடி மகனின் தலைக்குப் பக்கத்தால் எட்டி எட்டிப் பார்த்தார்.

"நல்லாத் தெரியுதுண்ணே," என்றார்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு காலை. வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். ஹாலி-எல தாண்டியதும் ஒரு வளைவு. தோளில் இருந்த கை நழுவியது.

"அம்மா?"

பதில் இல்லை. கிருபாவால் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்க்க முடியாது. "அம்மா... அம்மா..." என்று முன் கண்ணாடியைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். சந்தனம் ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டி, அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். ஊழியர்கள் தள்ளுவண்டியோடு ஓடிவந்தார்கள். கதவைத் திறந்தார்கள். முன்னால் கிருபா உட்கார்ந்திருந்தான்.

"சீக்கிரம் இறங்கு தம்பி, இறங்கு!" என்று சிங்களத்தில் கத்தினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வீல்செயார் டிக்கியில் கிடந்தது. சந்தனம் அதை இழுத்துக்கொண்டிருந்தான். மடக்கு விரியவில்லை. கிருபா காத்திருக்கவில்லை. இரண்டு கையாலும் சீட்டை உந்தி, அப்படியே தார் ரோட்டில் விழுந்தான். முகம் அடிபட்டது. கைகளை ஊன்றி, ஒரு பக்கமாகத் தன்னை இழுத்துக்கொண்டு வழிவிட்டான்.

லெட்சுமியை வெளியே எடுத்தார்கள்.

மதியத்துக்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டொக்டர் சொன்னார். உண்மையா, ஆறுதலா? எனக்குத் தெரியாது. கருமாதி அன்று அதையே நான் கிருபாவிடம் சொன்னேன்.

"டொக்டர் நல்லவரு மாமா," என்றான். கொஞ்சம் கழித்து, "அம்மா வெளிய வர்றதுக்கு நான்தான் வழிய மறிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்" என்றான்.

சந்தனம் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னான். "அவ சொல்லித்தானேடா அந்தக் கார வாங்குனோம்."

"அம்மா மேல பழியப் போடாதீங்க!"

அவ்வளவுதான். அப்பாவும் மகனும் ஒரே வீட்டுக்குள் பேச்சில்லாமல் ஆனார்கள். சந்தனம் மகனைக் குளிப்பாட்டுவான், சோறு போட்டுக் கையில் கொடுப்பான்... வார்த்தை மட்டும் இருக்காது. காரைத் தார்ப்பாயால் மூடி லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நிறுத்திவிட்டான். பயிற்சிக்குப் போவது நின்றது. படுத்தே கிடந்ததில் கிருபாவின் முதுகில் புண் வந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் ஆபத்து என்று தோட்டத்து நர்ஸ் எச்சரித்தார். அப்போதுதான் கிருபா வாயைத் திறந்தான், அதுவும் நர்ஸிடம்.

"வாறேன். ஆனா நாலு கதவுக் காரா மாத்தச் சொல்லுங்க."

போன ஞாயிறு அதே கார் விற்கும் இடத்துக்குப் போனோம். பழைய காரில்தான் கிருபா வந்தான். கண்ணை மூடிக்கொண்டே வந்ததாகச் சந்தனம் என் காதில் சொன்னான். விற்பவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. பாவம், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார்.

"நீங்க அப்பாவும் மகனும்தானே? ரெண்டு பேருக்கு இந்தக் காரே பொருத்தமா இருக்கே. தம்பிக்கும் ஏற எறங்க லேசு. எதுக்கு மாத்துறீங்க?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றைக்குத்தான் அந்தக் கார் அவர்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது!

கிருபாதான் பதில் சொன்னான். "பின்னால இருக்கிறவங்க என்னைய எறக்காமலே எறங்கணும்."

"பின்னால யாரு வர்றா?"

சந்தனம் மகனின் கால்களைத் தன் கையில் ஏந்தி, மெதுவாக, மிக மெதுவாக, அங்கே நின்ற நான்கு கதவுக் காரின் சின்னக் கதவு வழியாக உள்ளே வைத்தான். "வலிக்குதாடா?" என்று கேட்டான். அந்தக் கால்களுக்கு வலிக்காது என்பது அவனுக்குத் தெரியாதா?

"இல்லப்பா," என்றான் கிருபா. பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

கார் வாங்கப் போகும்போது எத்தனை பேர் ஏறலாம் என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம். எப்படி இறங்குவது என்று யாராவது கேட்கிறோமா?

ஓட்டிப் பார்க்க டவுனை ஒரு சுற்றுச் சுற்றினோம். நான் பின் சீட்டில் இருந்தேன். என் வீட்டுத் திருப்பத்தில் சந்தனம் காரை நிறுத்தினான். கதவைத் திறந்து இறங்கினேன். கார் உடனே நகரவில்லை. கிருபா பக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு காலையும் நடைபாதையில் வைத்து, நான் கதவைச் சாத்திய பிறகுதான், "போங்கப்பா" என்றான்.

வீட்டுக்குள் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.