வின்ஸ்லோவைக் கவிழ்த்த வாசல்காரர்

ஹார்லன் ஃபால்ஸில் கஸிமிர் டூடெக்கைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "யாரு, கஸ்ஸா? கம்பெனியையே கவுத்த ஆளாச்சே!" ஐயாயிரம் பேர் வேலை பார்த்த கார் தொழிற்சாலையை வாசலில் நின்ற ஒரு காவலாளி எப்படிக் கவிழ்ப்பான் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இப்போது நாங்களும் சிரிக்கிறோம். ஆனால் 1960-ஆம் ஆண்டில் ஒன்பது மாதம் இந்த ஊரில் அதைச் சொல்லி ஒருவரும் சிரிக்கவில்லை.

வின்ஸ்லோ மோட்டார் கம்பெனியின் மூன்றாம் வாசலுக்குக் கஸ் காவலுக்கு வந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. ஆறடி இரண்டங்குல உயரம், கதவகலத் தோள், அதற்குள்ளே பூனைக்குட்டி மனசு. அந்த மனசு வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பார். அவருடைய வேலை ஒன்றே ஒன்றுதான். வாசலுக்குக் குறுக்கே தொங்கும் சங்கிலியை வின்ஸ்லோ கார் வந்தால் இறக்க வேண்டும். வேறு எந்தக் கார் வந்தாலும் இறக்கக் கூடாது. மற்ற கம்பெனிக் காரில் வருகிறவன் யாராக இருந்தாலும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், அரை மைல் தள்ளியிருந்த ஜல்லிப் பொட்டலில் நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டும். மழையானாலும் நடை, பனியானாலும் நடை. பெரிய முதலாளியே கையெழுத்துப் போட்டுக் காவல் அறையில் மாட்டிவைத்த உத்தரவு அது. கஸ் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் முதலாளியின் மாப்பிள்ளையே பளபளவென்று ஒரு ஃபோர்டில் வந்து இறங்கினார்.

"ஏம்ப்பா, நான் யாருன்னு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது சார். உங்க வண்டி யாருன்னும் தெரியுது. அதனாலதான் பொட்டலுக்குப் போகச் சொல்றேன்."

மாப்பிள்ளை முனகிக்கொண்டே அரை மைல் நடந்தார். விஷயம் காதுக்கு எட்டியதும் மாமனார் வயிறு குலுங்கச் சிரித்து, அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கஸ் வீட்டுக்கு ஒரு முழுப் பன்றித் தொடை அனுப்பிவைத்தார். அதற்கப்புறம் கஸ்ஸைப் பிடிக்க முடியுமா? ஜனாதிபதியே வந்தாலும் சங்கிலி இறங்காது என்று மனைவி பெர்னடீனிடம் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

போர் முடிந்த கையோடு வின்ஸ்லோவுக்கு வந்தது பாருங்கள் ஒரு வாழ்வு! நான்கு வருடம் கார் செய்யாமல் ராணுவ லாரி செய்துகொண்டிருந்த நாடு, கையில் காசோடு காருக்கு அலைந்தது. பெயர் கொடுத்துவிட்டுப் பத்து மாதம் காத்திருக்க வேண்டும். சிகாகோவிலிருந்து ஒரு பல் டாக்டர் மூன்றாம் வாசலுக்கே வந்து, தன் பெயரைப் பட்டியலில் மேலே ஏற்றிவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பல் வைத்தியம் இலவசம் என்று கஸ்ஸின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பட்டியலுக்கும் கஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவர் சற்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார்.

நாற்பத்தொன்பதில், தொழிலாளிக்கான சலுகை விலையில் அவரும் ஒரு வின்ஸ்லோ வாங்கினார். கரும்பச்சை, நான்கு கதவு. எங்கள் மேற்குத் தெருக்களில் அப்போது வேறு கார் கண்ணில் படாது. மாதா கோயில் வாசலில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கு பார்த்தாலும் வின்ஸ்லோதான். தப்பித்தவறி யாராவது வேறு கார் வாங்கிவிட்டால் வீட்டு முன்னால் நிறுத்த மாட்டார்கள். இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, ரொட்டி வாங்கப் போனவர்களைப் போல நடந்து வருவார்கள். யாரும் போட்ட சட்டமில்லை அது. வெட்கம், அவ்வளவுதான்.

அந்த வெட்கம் எப்படிக் கரைந்தது என்பதைப் பார்த்த ஒரே மனிதர் கஸ். நாற்பத்தெட்டில் ஜல்லிப் பொட்டலில் இரண்டு கார்கள் நின்றன. ஃபோர்டு, செவர்லே என்ற பெரிய கம்பெனிகள் இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டிபோட்டு விலையைக் குறைத்த வருடம் நாற்பது நின்றன. வின்ஸ்லோவால் அந்த விலைக்கு இறங்க முடியவில்லை. புது மாடலுக்குச் செலவழிக்கவும் வக்கில்லாமல் பழைய உடம்புக்கே புது வெள்ளித்தகடு ஒட்டி விற்றார்கள். ஐம்பத்தேழில் பொட்டலில் முந்நூறு. ஐம்பத்தொன்பதில் உள்ளே நின்ற கார்களைவிடப் பொட்டலில் நின்றவை அதிகம். அத்தனையும் யாருடைய கார்கள்? உள்ளே நாளெல்லாம் வின்ஸ்லோவுக்குத் திருகாணி முடுக்கியவர்களுடையவைதான்!

காலையில் அவர்கள் வாசலைத் தாண்டி நடந்து வரும்போது கஸ்ஸின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பார்த்துவிட்டால் ஒரு சாக்கு சொல்வார்கள். "மச்சான் வண்டி கஸ், ரெண்டு நாளைக்குத்தான்." "என்னுது பட்டறையில கிடக்கு." கஸ்ஸின் உயிர்த்தோழன் ஃபெலிக்ஸ் நோவிட்ஸ்கி ஐம்பத்தாறில் ஒரு செவர்லே வாங்கினான். இருபது வருடம் ஒன்றாகச் சீட்டாடியவன், கஸ்ஸின் மகளுக்கு ஞானத் தகப்பன். அவன் சொன்ன சாக்கு: "இது பொண்டாட்டியோடதுடா."

"சரி சரி, போ. மணியடிச்சுடப் போறாங்க" என்றார் கஸ். வாசலில் பார்த்ததை வாசலிலேயே விட்டுவிட்டு வருவதுதான் அவர் வழக்கம். யார் பெயரையும் யாரிடமும் சொன்னதில்லை.

1960 பிப்ரவரியில் அந்த நாள் வந்தது. கம்பெனி பணமில்லாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. கடன் கொடுக்கலாமா என்று பார்க்க நியூயார்க்கிலிருந்து மூன்று வங்கிக்காரர்கள் ரயிலில் வந்தார்கள். ஒன்றாம் வாசலில் அவர்களுக்காக ஆட்கள் மாலை போடாத குறையாகக் காத்து நின்றார்கள். வந்தவர்களோ ஸ்டேஷனில் ஒரு செவர்லேயை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வழி தவறி மூன்றாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் யாரென்று கஸ்ஸுக்கு யார் சொன்னது?

"மன்னிக்கணும் சார். வின்ஸ்லோவா இருந்தாத்தான் உள்ள விடுவோம். அந்த ரயில் பாதையைத் தாண்டினா பொட்டல் இருக்கு, அங்க நிறுத்திட்டு வந்துடுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பொட்டலுக்குப் போய், பனியும் சேறும் குழைந்த பாதையில் அரை மைல் நடந்து வந்தார்கள். நடுவிலிருந்தவர் தண்டவாளம் தடுக்கி முழங்கால் வரை சேற்றில் விழுந்தார். கஸ் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கி, தன் கைக்குட்டையால் கோட்டைத் துடைத்தும்விட்டார். அந்த மனிதர் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனார்.

மார்ச்சில் கடன் கிடையாது என்று கடிதம் வந்தது. செப்டம்பரில், டிசம்பரோடு தொழிற்சாலை மூடப்படும் என்று அறிவித்தார்கள். கஸ்ஸை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. நீக்குவதற்கு அவர் செய்த குற்றம்தான் என்ன? முதலாளியின் உத்தரவு இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததே. ஆனால் ஊர்வாய்க்கு உத்தரவாவது ஒன்றாவது? கறிக்கடையில் கஸ் நுழைந்தால் பேச்சு நின்றது. கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது. வியாழக்கிழமைச் சீட்டுக்கு ஃபெலிக்ஸ் வேறொருவனைக் கூட்டிக்கொண்டான். எல்லாவற்றையும்விடக் கொடுமை என்னவென்றால், கஸ்ஸே அதை நம்பினார். ஐயாயிரம் குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டோம் என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

கடைசிக் கார் வெளியே போன மறு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் எல்லோருக்கும் மதிய விருந்து என்று பாதிரியார் சொல்லியனுப்பினார். பெர்னடீன் தலை சீவிக்கொண்டே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இதோ பாருய்யா. இன்னிக்கும் ஒருத்தனும் உன்கிட்ட முகங்கொடுத்துப் பேசலேன்னா வீட்டை வித்துட்டு மில்வாக்கியில என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போயிடுவோம். இந்த மூஞ்சியைப் பார்த்துட்டு இன்னொரு குளிர்காலம் என்னால தள்ள முடியாது."

"நான் பொறந்த ஊருடி இது."

"அது ஊருக்கு ஞாபகம் இருக்கான்னு பார்ப்போம்."

மண்டபத்தில் ஆவி பறக்கச் சாசேஜ், புளித்த முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு அடைத்த பியெரோகிக் கொழுக்கட்டை என்று விருந்துக்கு ஒரு குறையுமில்லை. கஸ்ஸும் பெர்னடீனும் உட்கார்ந்த எட்டுப் பேர் மேசையில் அவர்கள் இரண்டு பேர்தான். மூன்றாவது பீர் உள்ளே போனதும் ஃபெலிக்ஸ் எழுந்து கோப்பையைத் தூக்கினான்.

"வின்ஸ்லோவுக்கு! முப்பது வருஷம் சோறு போட்ட மகராசி. இன்னும் முப்பது வருஷம் போட்டிருப்பா. வாசல்ல ஒருத்தன் நின்னான் பாருங்க, ஒரு சங்கிலியை இறக்க மாட்டேன்னு! அவன் மட்டும் இல்லாம இருந்திருந்தா..."

யாரும் அவனைத் தடுக்கவில்லை. பெர்னடீன் எழுந்துவிட்டாள். "கோட்டை எடுய்யா. போதும்."

கஸ்ஸும் எழுந்தார். ஆனால் கோட்டை எடுக்கவில்லை.

"ஃபெலிக்ஸ், உன் கார் எங்கடா நிக்குது?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்க நிக்குதுன்னுதான் கேக்குறேன்."

"பேக்கரிப் பக்கம்."

"ரெண்டு தெரு தள்ளியா? மண்டபத்து வாசல்ல இவ்வளவு இடம் காலியாக் கிடக்குதே. என் வண்டி ஒண்ணுதான நிக்குது?"

ஃபெலிக்ஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நாலு வருஷமா அந்த செவர்லேயைப் பொட்டல்ல விட்டுட்டு வந்தே. பொண்டாட்டியோடதுன்னே. நானும் வாயைத் தொறக்கலே. உன் பொண்டாட்டிக்கு வண்டி ஓட்டவே தெரியாதேடா, பாவி!"

சமையலறைப் பக்கமிருந்து ஒரு பெண் குபீரென்று சிரித்துவிட்டாள். ஃபெலிக்ஸின் மனைவிதான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூலையிலிருந்து ஒரு கிழவர், "என்னுதும் பேக்கரிப் பக்கம்தான்" என்றார். "என்னுது பள்ளிக்கூடத்துப் பின்னால" என்றான் இன்னொருவன். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அந்த ஊரில் அதுவரை பாவசங்கீர்த்தனம் இவ்வளவு வேகமாக நடந்ததில்லை.

ஃபெலிக்ஸின் முகம் சிவந்துவிட்டது. "சரிடா, நாங்க எல்லாம் துரோகிங்க. ஒத்துக்கறேன். நீ யோக்கியன்தானே? நீ சொல்லு. கடைசியா எப்போ வின்ஸ்லோ வாங்கினே?"

"நாப்பத்தொம்போதுல."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் எதுக்குடா வாங்கணும்? அது ஒரு நாளும் ரிப்பேரே..."

கஸ் பாதியில் நிறுத்திக்கொண்டார். பதினொரு வருடமாக ஒரு புது வின்ஸ்லோகூட அவர் வாங்கவில்லை. ஆனால் இருபத்துநாலு வருடம் வாசலில் நின்று மற்றவர்களை அரை மைல் நடக்கவிட்டிருக்கிறார். அது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, அதை அவர் மறைக்கவுமில்லை.

 ஃபெலிக்ஸ் தன் தட்டையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு அந்தக் காலி மேசைக்கு வந்து, கஸ்ஸுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். பெர்னடீன் கையிலிருந்த கோட்டைத் திரும்பவும் கொக்கியில் மாட்டினாள்.

"வண்டி இன்னும் நல்லா ஓடுதா?" என்று கேட்டான் ஃபெலிக்ஸ்.

"இந்தக் குளிர்லயும் முதல் தடவையிலேயே கிளம்புது."

"அந்த வருஷ வண்டிக்கெல்லாம் கதவு மாட்டினது நான்தாண்டா" என்றான் ஃபெலிக்ஸ். "கொஞ்சம் மோசமா மாட்டியிருக்கலாம்."