பூஅலெம் கேட்ட கூசினா

பூஅலெம் அங்கிளை முதன்முதலில் பார்த்தபோது அவருடைய கத்தி என் கழுத்தில் இருந்தது. சிட்னிக்கு வேலைக்கு வந்த புதிது. மெரிலேண்ட்ஸில் அவருடைய சலூனில் ஷேவ் செய்ய உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவர் மனைவி அரபியில் ஏதோ கேட்டார். இவர் என் தாடையை நிமிர்த்திக்கொண்டே, "கூசினா" என்றார்.

அல்ஜீரியாக்காரர் தமிழ் பேசுகிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. "கூசல அங்கிள், நீங்க போடுங்க" என்றேன். அவரும் தலையாட்டினார். யாரோ தமிழ் வாடிக்கையாளர் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று முடிவுகட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். முடிவுகட்டுவதில் தயக்கமே கிடையாது.

அங்கிள் பிறந்தது அல்ஜீர்ஸ் நகரத்தில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில். வாலிப வயதில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்தார். அங்கே இந்திப் படங்கள் வாரக்கணக்கில் ஓடுமாம்.

"நீ இந்தியன்தானே, ஒரு பாட்டுப் பாடு" என்பார் ஆங்கிலத்தில்.

"எனக்கு இந்தி வராது அங்கிள்."

"எனக்கு மட்டும் வருமா? நான் பாடலையா?" என்று கத்தரிக்கோலில் தாளம் போடுவார்.

அந்தத் தியேட்டருக்குப் பிரெஞ்சுப் பெயர் இருந்ததாம். விடுதலைக்குப் பிறகு அரபிப் பெயர் வைத்தார்கள். "ஆனா படத்துக்குக் கூப்பிடுற பொண்ணுகிட்ட பழைய பேரைத்தான் சொல்லணும். புதுப் பேரைச் சொன்னா வேற எங்கேயாவது போய் நிப்பா."

போன வருடம் அவர் அக்கா மகள் நஸீமா, அல்ஜீர்ஸின் பழைய தியேட்டர்களைப் பற்றி ஒரு மணி நேரப் படம் எடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு சிட்னிக்கு வருவதாகச் சொன்னாள். மாமா சும்மா இருப்பாரா? "மண்டபம் பிடிச்சாச்சு, ஊரே வருது" என்று போனில் அளந்துவிட்டார். மண்டபமும் இல்லை, ஊரும் இல்லை.

சிட்னியிலேயே கிரவீன் பகுதியில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபம் இருந்தது. ஒரு காலத்தில் அது சின்ன சர்ச். செயலாளர் சந்திரவதனா அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரர். அங்கிளை அவரிடம் அழைத்துப் போனேன்.

"சினிமாவோ?" அன்ரி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வெள்ளிக்கிழமையில பஜனை நடக்கிற இடம், தம்பி. சுவர் முழுக்கச் சாமிப் படம். முத்தம் கித்தம் வந்தால் ஆர் பதில் சொல்றது?"

அங்கிளுக்கு மொழிபெயர்த்தேன். "எங்க ஊர்ல ஒரு பெரிய மசூதியைப் பிரெஞ்சுக்காரன் சர்ச் ஆக்கினான். நாங்க திரும்ப மசூதி ஆக்கினோம். கட்டிடம் ஒண்ணும் கோவிச்சுக்கல" என்றார்.

"கட்டிடம் கோவிக்காது. நாங்கள் கோவிப்பம்" என்றார் அன்ரி, அவருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில். "சரி, வாற சனத்துக்குச் சாப்பாடு எங்க வைச்சுக் குடுப்பியள்?"

நஸீமா வருவதற்கு ஒரு வாரம்தான் இருந்தது. பதற்றத்தில் அங்கிளுக்கு இத்தனை வருட ஆங்கிலமும் பறந்துவிட்டது. பின்கதவைக் காட்டி, "கூசினா... கூசினா" என்றார்.

நான் குறுக்கே புகுந்தேன். "அவருக்குக் கொஞ்சம் கூச்சமா இருக்கு அன்ரி."

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அந்த மனிசன் குசினியைக் கேக்கிறார். உமக்குத் தமிழ் தெரியாதோ?"

எங்கள் பக்கம் அது அடுப்படி. குசினி என்றொரு சொல்லை நான் கேட்டதே இல்லை.

"எங்கட குசினி போத்துக்கீசன் விட்டிட்டுப் போனது" என்றார் அன்ரி அவரிடம் ஆங்கிலத்தில். "உங்களுக்கு ஆர் விட்டது?"

"பிரெஞ்சுக்காரனோ, அவனுக்கு முந்திக் கப்பல்ல வந்த ஸ்பெயின்காரனோ. எவனும் கூசினாவைத் தூக்கிட்டுப் போகல." அங்கிளுக்கு ஆங்கிலம் திரும்பி வந்துவிட்டது.

அன்ரி சிரித்துவிட்டார். "மச்சம் கொண்டு வரக்கூடாது. முத்தம் வந்தால் லைட்டைப் போட்டிடுவன். ஓமோ?"

"ஓம்" என்றார் அங்கிள். மச்சம் என்றால் மீனும் இறைச்சியும் என்று நான் பிறகு தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சலூன் வாடிக்கையாளர்கள், பஜனைக்காரர்கள் என்று மண்டபம் நிறைந்தது. அங்கிள் வீட்டில் காய்கறி போட்டுச் செய்த கூஸ்கூஸை அன்ரி ருசி பார்த்து, "உதிர்ந்த புட்டுத்தான்" என்று தீர்ப்புச் சொன்னார். நஸீமாவின் படத்தில் அங்கிளின் தியேட்டர் வந்தது. ஷட்டர் இறக்கியிருந்தது. அதன் மேலே அரபிப் பெயர் உரிந்து, அடியில் பிரெஞ்சுப் பெயர் தெரிந்தது. அடுத்த காட்சியில் பழைய படம் ஒன்றிலிருந்து ஒரு முத்தம். சொன்ன சொல் தவறாமல் அன்ரி லைட்டைப் போட்டார். வாசலில் நின்ற அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்ரி உடனே லைட்டை அணைத்துவிட்டார்; முத்தம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

பூஅலெம் அங்கிள் இப்போதும் மெரிலேண்ட்ஸில்தான் முடி வெட்டுகிறார். மாதத்தில் ஒரு ஞாயிறு கிரவீன் மண்டபத்தில் படம் உண்டு. வாசலில் டிக்கெட் கிழிப்பவர் அவர்தான்.