இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

"அப்பா, இடது காலை மடக்கி ஓரமா வெச்சிக்கோங்க. அதுக்கு இதுல வேலையே இல்ல" என்றாள் மகள், போன வாரம். புது வண்டி. கிளட்ச் கிடையாது, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். காலமெல்லாம் கிளட்ச் மிதித்த கால் சொன்ன பேச்சைக் கேட்குமா? பழக்கதோஷத்தில் கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணனுக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. எந்த ஊரிலும் அது கஷ்டம்தான். ஆரணியில், பட்டு நெய்கிற தெருவில், அது வேறு மாதிரிக் கஷ்டம். தறிக்குழிக்குள் இரண்டு கால்களையும் இறக்கி மாற்றி மாற்றி மிதித்தால்தான் துணி. அவனால் முடியாது. பெண்களும் வயசானவர்களும் செய்கிற நூல் சுற்றும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். ராட்டினத்தின் முன்னால் தலை குனிந்து அவன் உட்கார்ந்திருந்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், தெருவையே அடைத்துக்கொண்டு ஒரு பழைய வெளிநாட்டுக் கார் வாசலில் வந்து நின்றது. சென்னையில் எந்த வெள்ளைக்காரரோ விட்டுப்போனது. பல கை மாறி அண்ணனிடம் வந்திருந்தது. "கிளட்ச்சே கெடையாதுடா. எனக்குன்னே செஞ்சிகிறான்" என்றான். கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி என்று ஓட ஆரம்பித்தான். சட்டைப்பையில் சீப்பு வைத்துக்கொண்டான். அதற்காக அவனைக் கேலி செய்தோம். உள்ளுக்குள் எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷத்துக்குக் கண் பட்டது. அந்தக் கார் கியர்பெட்டியின் எண்ணெய் குங்குமத்தைக் கரைத்த மாதிரி சிவப்பு. பெட்டியின் பின்புறம், சக்கரங்களைச் சுழற்றும் தண்டு வெளியே வருகிற இடத்தில், ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்துபோய்ச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டியது எங்கே? காலையில் பாவு விரிக்கிற தெருவில். தறியில் ஏற்றுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சீராக்குவோம், அதுதான் பாவு. எதிர்வீட்டு மாமாவின் வெள்ளைப் பாவு, சுற்றும்போது ஓரம் தாழ்ந்து அந்தச் சிவப்பில் பட்டுவிட்டது.

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "எண்ணெ ஒழுவிகினு இருந்தா வண்டி தெருவுக்குள்ள வர வாணாம்பா. இன்னொரு பாவு கெட்டா யார் வவுறு காயும்?" என்றார். தெருவே தலையாட்டியது. எங்கள் அப்பாவும்தான். கடைத்தெருவில் நிறுத்தலாமென்றால் ராத்திரியோடு ராத்திரியாகச் சக்கரத்தைக் கழற்றிவிடுவார்கள். ஒழுகல் நிற்காவிட்டால் அண்ணன் மறுபடி ராட்டினத்துக்குத்தான் போகவேண்டும்.

ஊர் மெக்கானிக்குகள் "பேஜார் புடிச்ச பெட்டி, நம்ம கை வைக்க முடியாது" என்று ஒதுங்கினார்கள். சரி, வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றான் அண்ணன். பின்மனையில் நான் குழி தோண்டி, அதன்மேல் வண்டியைத் தள்ளி நிறுத்தினோம். அண்ணன் கையை ஊன்றித் தானே இறங்கினான். அவன் ஒரு குழிக்குள் உட்கார்ந்து வேலை செய்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தண்டை உருவியதும் மிச்ச எண்ணெய் அவன் முகத்தில் கொட்டியது. பழைய சீலை நெம்பி எடுத்தான். சென்னையிலிருந்து வாங்கி வந்தது அதே அளவில் ஒரு லாரி சீல். அதன் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று இருக்கும், தண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள. தட்டிப் பொருத்தும்போது அது அறுந்து தெறித்தது. மறுநாள் காலை, களம்பூரைத் தாண்டி இருக்கும் திருமலை சமணர் கோயிலுக்குச் சவாரி ஒப்புக்கொண்டிருந்தான்.

அதுவரை வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத அப்பா உள்ளே போய் முறுக்கின பட்டு கொண்டுவந்தார். எங்கள் தெருவில் எது அறுந்தாலும் பட்டுதான் மருந்து. "பட்டு அறுந்து நீ பாத்துகிறியா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பிரிங் இருந்த இடத்தில் சுற்றி, நெசவு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரியே எல்லாவற்றையும் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி, வண்டியை வெளியே தள்ளி நிறுத்தினோம். விடிந்ததும் பார்த்தால், வண்டிக்கடியில் விரித்த வேட்டியில் ஒரு புள்ளி இல்லை. எதிர்வீட்டு மாமாவே குனிந்து பார்த்துவிட்டு, "ஜல்தியா கெளம்பு" என்று வழிவிட்டார்.

சாயங்காலம் அண்ணன் களம்பூர் அரிசி லாரியில் வந்து இறங்கினான், தனியாக. களம்பூர் தாண்டியதும் இன்ஜின் இரைந்ததாம், வண்டி நகரவில்லையாம். வழியெல்லாம் சிவப்பாகக் கொட்டியிருந்தது. எண்ணெய் இல்லாமல் பெட்டி உள்ளே எரிந்துபோயிருந்தது. சவாரிக்காரர்கள் திட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள். அங்கேயே கழற்றி எடுத்து வந்திருந்த பட்டு வளையத்தை அவன் அப்பாவிடம் நீட்டினான்.

"பட்டு அறலப்பா. முடிச்சும் அவுறல. சூடேறி ரப்பர் நெகுந்துடுச்சி. ஸ்பிரிங்கு தானா இறுக்கும், பட்டு இறுக்கல."

அப்பா அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறவில்லை. மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனார்.

வண்டி களம்பூரில் ஒரு மில் சுவரோரம் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போனது. அண்ணன் ராட்டினத்துக்குத் திரும்பினான். சட்டைப்பையில் சீப்பு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

இன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் பாவு விரிப்பதில்லை. சிமெண்டுச் சாலை, இருபுறமும் கார்கள். எண்ணெய்க் கறையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பாதி வண்டிகளில் கிளட்ச்சே கிடையாது. அப்பா இல்லை. இதையெல்லாம் பார்க்க அண்ணனும் இல்லை.

ஆட்டோக்காரர் போன பிறகு வண்டியை மறுபடி எடுத்தேன். மகள் சொன்னபடி இடது காலை ஓரமாக மடக்கி வைத்தேன். ஒரு குறையும் இல்லாத கால். அந்த இருக்கையில் அதற்கும் அண்ணன் காலுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.