ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம்

அந்த இரண்டு நாளும் யார் முகத்தைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். லினக்ஸ் கணினிகளில் நிறுவத் தோதாக மென்பொருள்களைப் பேக்கேஜாகக் கட்டித் தர வேண்டும். மூல நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைல் வேலை, கிடைக்கும் கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பது, பிறகு கட்டுவது, எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய ஒரே ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைக் கோப்பு. அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.

கம்பைலில் ஒரு கோளாறும் இல்லை. கோப்புகளை வைக்கும் இடத்தில்தான் தப்பு. ஒரு வரியைத் திருத்தினால் சரியாகிவிடும். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் ஓட்டும்போதெல்லாம் முன்பு செய்ததை மொத்தமாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். என் மடிக்கணினியில் கம்பைல் முடிய முக்கால் மணி நேரம். முடிந்ததும் அடுத்த கோப்பு தப்பான இடத்தில் நிற்கும். மறுபடி ஒரு வரி. மறுபடி முக்கால் மணி.

புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் என் கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்.

"என்ன, நேத்து ஓடுனதே இன்னும் ஓடுதா?"

"ஒரு எழுத்து விட்டுப்போச்சு. அதுக்காக மொதல்லருந்து ஓடுது."

"எழுத்தைத் திருத்துனாப் பத்தாதா?"

காலையில் என் டீம் லீடரிடம் நானும் அதைத்தான் கேட்டிருந்தேன். "ரூல்னா ரூல். ஒவ்வொரு தடவையும் முழுசா பில்ட் பண்ணுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

ஒன்பதாவது தடவை, பாதி கம்பைலில் கரண்ட் போனது. பேட்டரி பழசு. திரை அணைந்தது. மேசையை ஓங்கித் தட்டினேன், கைதான் வலித்தது.

கரண்ட் வந்ததும் ஸ்கிரிப்டை நகலெடுத்து, அழிக்கச் சொல்லும் வரியை அதில் முடக்கினேன். ஒரு தடவை கம்பைல் முடியட்டும் என்று காத்திருந்தேன். அதன் பிறகு கம்பைலைத் தாண்டி நேராகக் கோப்புகளை வைக்கும் படிக்குப் போனேன். ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டே நிமிடம். மிச்சமிருந்த நான்கு தப்புகளும் அரை மணி நேரத்தில் தீர்ந்தன. கடைசியில் எல்லாவற்றையும் அழித்து, பழைய முறைப்படி ஒரு தடவை முழுதாகக் கட்டினேன். சரியாக வந்தது. நடந்ததை டீம் லீடருக்கு எழுதி அனுப்பினேன். உடனே போன்.

"யாரைக் கேட்டு ஸ்கிரிப்ட்ல கை வச்சீங்க?"

"என் காப்பியிலதான் சார். உங்களுக்கு அனுப்புனது முழுசாக் கட்டுனது."

"பழைய ஃபைல் எதுனா உள்ள கலந்துட்டா யார் பதில் சொல்றது?"

அந்தப் பயம் நியாயமானதுதான். அது எனக்குத் தெரியாது என்று அவர் நினைத்ததுதான் சுட்டது.

"அதுக்குத்தான் சார் கடைசியா முழுசாக் கட்டுனேன். அதை நான் வேண்டாம்னு சொல்லல. ஒரு வரி திருத்துறதுக்கெல்லாம் எதுக்குன்னுதான் கேக்குறேன். எனக்கு ரெண்டு நாள் போச்சு!"

"சரி, டெஸ்டிங்குக்கு மட்டும் வச்சுக்கங்க" என்றார்.

மறுநாள் மதிய ஆன்லைன் கூட்டத்தில் அதையே புதிய நடைமுறை என்று எல்லாருக்கும் அறிவித்தார். "நான் யோசிச்சுப் பார்த்தேன்" என்றுதான் ஆரம்பித்தார். என் பெயர் வரவேயில்லை. மைக் அணைந்திருப்பதை ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டு, இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சத்தமாகவே சொன்னேன்.

அடுப்படியிலிருந்து கணவர் எட்டிப்பார்த்தார். "யாரை வையிற?"

"ஒங்களை இல்ல. நீங்க சோத்தைப் போட்டுச் சாப்பிடுங்க."