அறிவானந்தன் சொன்ன இரண்டு இடங்கள்

அறிவானந்தனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது சேந்தமங்கலம் பஸ் நிறுத்தத்தில். என் பஸ் கிளம்பும்வரை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலிலேயே நின்றார். சில நாளில் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் சோப்புத் தயாரிப்பு, யோகாசனம், லாரி பராமரிப்பு என்று அவர் பெயரில் புத்தகங்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

சந்தை சந்தையாகப் புத்தகம் விற்பது சுமை தூக்குகிற வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சுமையை இறக்கி வைத்துவிடலாம். வாங்கியவர் திரும்பி வந்து கேட்கிற சந்தேகத்தை எங்கே இறக்கி வைப்பது? எதையாவது விற்று, பதில் தெரியாமல் விழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நான் சொல்வது புரியும்.

பெயர் யாருடையது

எழுபதுகளின் நடுவில் சேலத்தில் ஓர் அச்சாபீஸில் புத்தக மூட்டை கட்டி விற்கிற வேலையில் சேர்ந்தேன். முதலாளி சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டு வந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூட்டை கட்டும்போது படித்ததுதான் என் மேற்படிப்பு. ஆடு வளர்ப்பு, மரவள்ளி சாகுபடி, கடிதம் எழுதும் முறை, மூலத்துக்கு மருந்து, மனையடி, மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றின் அட்டையிலும் அறிவானந்தன். இவ்வளவும் தெரிந்த மனிதரை ஒருமுறையாவது கும்பிட வேண்டும் என்று அவர் வீட்டு விலாசம் கேட்டேன்.

முதலாளி தலை நிமிராமல் விஷயத்தைச் சொன்னார். முதலில் வந்தது ஆட்டுப் புத்தகம். எழுதியவர் பழனியப்பன், கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர். சர்க்கார் வேலை என்பதால் சொந்தப் பெயரைப் போடப் பயந்தார். முதலாளி ஒரு பெயர் வைத்தார். புத்தகம் நன்றாகப் போனது. அதன்பின் யார் எதை எழுதிக் கொடுத்தாலும் அதே பெயர். எனக்கு அப்போதும் சரியாகப் பிடிபடவில்லை. அப்படியானால் அறிவானந்தன் யார் என்று மறுபடியும் கேட்டேன்.

"பேரு நம்முளுது. ஆளு மாறுவாங்க, பேரு மாறாது. நீ மூட்டையக் கட்டு."

அடுப்படியில்

சமையல் புத்தகம் வந்ததும் ஒரு பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் மனைவி எழுத்துக் கூட்டிப் படிப்பாள். அதில் உள்ளபடி வத்தக்குழம்பு வைத்தாள். அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பிப் பின்னட்டைப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். அதை எழுதியவர் ஆபீஸில் பிழை திருத்துகிற பிரம்மச்சாரி, மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடுகிறவர் என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

"ஏனுங்க, இவரு ஊட்ல சோறாக்கறது வேற யாரோங்க" என்றாள்.

ராசிபுரத்தில் ஒரு கேள்வி

தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, தாய்சேய் நலப் புத்தகம் வாங்கிப் போனவள், மறுவாரமே இடுப்பில் குடத்தோடு சந்தைக்கு வந்துவிட்டாள். புத்தகம் நன்றாக இருக்கிறதாம். எழுதியது ஓய்வுபெற்ற நர்சம்மா ஒருவர். 'என் முதல் பிரசவத்தின்போது' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். பின்னட்டையிலோ, ஆபீஸ் வழக்கப்படி, எல்லாப் புத்தகத்துக்கும் போடுகிற மீசை வைத்த படம். அவள் இரண்டு பக்கத்தையும் எனக்கு மாற்றி மாற்றிக் காட்டினாள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை.

"இவுங்களுக்கு எந்த ஆஸ்பத்திரீலங்க பிரசவம் ஆச்சு?"

ஈசானி மூலையா, புற்றோரமா

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் செல்லப்பக் கவுண்டர் என்று ஒருவர். முந்தின வருஷம் அவர் பட்டியில் ஆடுகளுக்குக் கழிச்சல் நோய் கண்டபோது ஆட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பிழைக்கவைத்தாராம். அன்றிலிருந்து அறிவானந்தன் எழுதியது எதுவானாலும் அவருக்கு ஒரு பிரதி. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததுகூடப் பொருத்தப் புத்தகப்படி.

அந்தக் கோடையில் அவர் கிணறு வறண்டுவிட்டது. குடிக்கவே வண்டியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டிலிருந்து போர் போடுகிற ரிக் வண்டி வருகிறது. ஒரு குழிக்குத்தான் தெம்பு. அது பொய்த்தால் காடு கரையை விட்டுவிட்டு ஆத்தூர் பக்கம் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்றார். நிலத்தடி நீர்ப் புத்தகம், கறையான் புற்றுக்கு அருகில் தோண்டு என்கிறது. அவர் புற்று தென்மேற்கில். மனையடிப் புத்தகமோ தென்மேற்கில் குழி வெட்டினால் குடும்பம் விளங்காது, ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில் தோண்டு என்கிறது. இரண்டையும் என் மூட்டைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எழுதியவர்கள் வேறு வேறு ஆள் என்று உண்மையைச் சொன்னேன். நான் அந்தப் பெரிய மனிதரை ஒளித்துவைக்கிறேன் என்பதுபோல் பார்த்தார். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார்.

"செரி, அப்படியே இருக்கட்டும். ஆட்டுக்கு எழுதுனவரு எந்த எடத்தச் சொல்றாரோ அதயக் கேட்டு வாங்க சாமி. நான் அங்கயே போட்டுக்கறேன்."

மூடிக் கிடந்த குழி

பழனியப்பன் ஓய்வுபெற்றுச் சேந்தமங்கலத்தில் இருந்தார். போய்க் கேட்டேன். என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே ஒரு போர்க்குழி வாயில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்திருந்தது. தன் பெயரில் வந்த நிலத்தடி நீர்ப் புத்தகம் பொய் சொல்லுமா என்று நம்பிப் புற்றோரமாகப் போட்டாராம், கடைசிவரைக்கும் புழுதிதான். அப்படியானால் மனையடிப் புத்தகம் சொல்வது சரியா என்று கேட்டேன். அதை எழுதியது யாரென்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கும் தெரியாது. எழுதியவரே வாசகராகிவிட்டால் விற்பவன் யாரிடம் போவது?

பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார். வெள்ளிக்கிழமை என்ன ஆனது என்று அடுத்த சந்தைக்கு வரும்போது வந்து சொல்லச் சொன்னார். பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கவுண்டருக்குச் செய்தி சொன்னார்.

"நான் ஆட்டோட நின்னுக்கிட்டேன்னு சொல்லிப்போடுங்க."

ரிக் வந்த அன்று

வெள்ளிக்கிழமை காலை அந்த வார்த்தையை அப்படியே கவுண்டரிடம் ஒப்பித்தேன். ரிக் வண்டி ஏற்கனவே வந்து நின்றது. எந்த இடம் என்று டிரைவர் இரண்டு தரம் கேட்டுவிட்டார். கவுண்டர் ஒரு பீடி தீரும்வரை யோசித்தார். அப்புறம் எழுந்து, வரப்புத் தகராறில் இரண்டு பேர் இரண்டு அளவு சொன்னால் பஞ்சாயத்தில் நடுவில்தானே கல் நடுகிறோம் என்றார். புற்றிலிருந்து ஈசானி மூலைக்குக் கயிறு பிடித்து, அதை இரண்டாக மடித்துப் பார்த்தார். நடு இடம் சரியாகக் களத்தின் மத்தியில் விழுந்தது. இனிக் கடலைக்காயை உங்கள் தலையிலா காயப்போடுவது என்று அவர் மனைவி சத்தம் போட்டார். டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைக் களத்துக்கு ஏற்றினார்.

மதியம்வரை வெள்ளைப் புழுதி. எல்லார் தலையும் நரைத்துவிட்டது. அந்தம்மா பார்க்கப் பிடிக்காமல் உள்ளே போய்விட்டார். நான் புத்தக மூட்டையைப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டேன், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. பிறகு புழுதி ஈரமாயிற்று, சேறாயிற்று, தண்ணீராகப் பொங்கிற்று. அந்தம்மா ஓடிவந்து இரண்டு கையாலும் அந்தக் கலங்கல் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு அழுதார். எந்தப் புத்தகம் சரி, எது தப்பு என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கவுண்டருக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

"அவரு எதயும் நேராச் சொல்லமாட்டாருங்க. நாமதான் ரெண்டையும் வாங்கிப் படிக்கோணும்."

மிச்சம்

தண்ணீர் வந்ததைச் சொல்ல அடுத்த சந்தைக்குச் சேந்தமங்கலம் போனேன். பழனியப்பன் வீட்டு முன்னால் சாவுப் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோன சேதியை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள்தான் முழுதும் கேட்டாள். பிற்பாடு அச்சாபீஸையும் மூடிவிட்டார்கள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மல்லசமுத்திரம் பக்கம் போனவன் அந்தக் காட்டையும் எட்டிப் பார்த்தேன்: கவுண்டர் இல்லை, குழியில் தண்ணீரும் இல்லை, மோட்டார் ரூம் கதவுக்கு மேலே நீலப் பெயிண்டில் 'அறிவானந்தன் துணை' என்று எழுதியது மட்டும் இருக்கிறது.